1808 செம்புக்காசில் கம்பெனி இலச்சினை: போனில் தெளிவாகப் படம் எடுக்க வழி உண்டா?

வேலப்பாடி டீச்சர்:
வணக்கம். வேலூரில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். ஆரணிப் பாட்டியின் சுருக்குப்பையில் இருந்த ஒரு செம்புக்காசு என்னிடம் வந்திருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் 20 காசு, 1808. ஒரு பக்கம் கம்பெனி இலச்சினை: நடுவில் சிலுவை போட்ட கேடயம், இரண்டு பக்கமும் கொடி பிடித்த சிங்கம், கீழே எழுத்தோடு ஒரு பட்டை. மறுபக்கம் பாரசீக எழுத்து.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதைப் பார்த்து வரைய வேண்டும் என்பது என் ஆசை. 1806 ஜூலை 10 என்றால் மக்கான் நினைவுத்தூணைச் சொல்லிவிடுவார்கள். வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கம்பெனியை எதிர்த்து எழுந்து இரண்டே வருடம் கழித்து அடித்த காசு இது. யாரை எதிர்த்தார்களோ அவர்களுடைய சின்னம் நம் வீட்டுச் சுருக்குப்பைக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஃபிளாஷ் போட்டால் முழுக்கப் பளபளப்பு, போடாவிட்டால் ஒரே கறுப்பு. உறவுக்காரப் பையன் ஏதோ ஆப்பில் போட்டுத் தெளிவாக்கி அனுப்பினான். தேய்ந்துபோன இடது சிங்கத்துக்குப் பிடரியும் பல்லும் முளைத்திருக்கின்றன! காசில் அவை இல்லவே இல்லை. இல்லாததைப் பிள்ளைகளிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

குடியாத்தம் காசுக்காரன்:
டீச்சர், முதலில் ஒன்று. புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். அந்தக் கறுப்புதான் செம்புக்குக் காப்பு, பள்ளமும் மேடும் அதனால்தான் தெரிகின்றன.

ஃபிளாஷை அணைத்துவிட்டு அறையை இருட்டாக்குங்கள். போனை ஸ்டாண்டில் காசுக்கு நேர் மேலே அசையாமல் பொருத்தி, ஃபோகஸைப் பூட்டிவிடுங்கள். ஒரு டார்ச்சைக் கிட்டத்தட்ட மேஜை மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் அடித்தால், தேய்ந்த கோடுகூட நிழல் விட்டு எழுந்து நிற்கும்.

அடுத்த படி ஆர்.டி.ஐ. தகவல் உரிமைச் சட்டம் இல்லை, ஒளியை மாற்றி மாற்றிப் படம் எடுக்கும் முறை. காசுக்குப் பக்கத்தில் பளபளப்பான கறுப்பு உருண்டை ஒன்றை வையுங்கள். டார்ச்சைச் சுற்றிலும், உயரம் மாற்றியும் நகர்த்தி நாற்பது, ஐம்பது படம் எடுங்கள். ஒரு நூலைக் கட்டி அளந்துகொண்டால் டார்ச்சின் தூரம் மாறாது. உருண்டையில் விழும் ஒளிப்புள்ளியை வைத்து வெளிச்சம் வந்த திசையை மென்பொருள் கணக்குப் போட்டுவிடும். இத்தாலியின் பீசா ஆய்வகத்தார் தரும் ரீலைட் என்ற மென்பொருள் இலவசம். அப்புறம் திரையில் வெளிச்சத்தை எந்தப் பக்கமும் திருப்பிப் பார்க்கலாம். பிள்ளைகளே திருப்பட்டும்.

இணையத்தில் கிடைக்கும் பளிச்சென்ற 1808 காசுகளை ஒப்பிட எடுத்துக்கொள்ளுங்கள், ஒட்டு வேலைக்கு வேண்டாம். அவற்றில் பல 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் மூழ்கிய அட்மிரல் கார்ட்னர் கப்பலிலிருந்து எடுத்தவை. நம் ஊருக்கு வந்து சேராதவை. உங்கள் காசின் தேய்மானம் வடார்க்காட்டுச் சந்தைகளில் கை மாறியதால் வந்தது. அதையும் சேர்த்தே படம் பிடிக்க வேண்டும்.

சத்துவாச்சாரி:
கேடயத்தை விவரிக்கும்போது வலம் இடத்தைக் கவனியுங்கள். மூலவரின் வலக்கை நமக்கு இடப்பக்கம் இருப்பது மாதிரிதான், கேடயத்தைப் பிடித்திருப்பவரின் வலமே அதன் வலம். சிலுவைக்கு மேலே, நமக்கு இடப்பக்க மூலையில் ஒரு குட்டிக் கேடயம் இருக்கும். அதற்குள் பிரான்சின் அல்லிப்பூவும் இங்கிலாந்தின் சிங்கங்களும். சாய்ந்த வெளிச்சத்தில் அந்த மூலையைத் தேடுங்கள்.

இன்னொன்று, நிறம். 17ஆம் நூற்றாண்டிலிருந்து கோட்டாலேயே நிறம் சொல்லும் பழக்கம் உண்டு: செங்குத்துக் கோடு சிவப்பு, படுக்கைக் கோடு நீலம், புள்ளி பொன், வெறுமை வெள்ளி. கம்பெனிச் சிலுவை வெள்ளியில் சிவப்பு. காசில் கோடு தென்பட்டால் அது செதுக்கியதா, கீறலா என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். ஓவிய வகுப்புக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

பாரசீகம் எனக்குத் தெரியும். ‘இருபது காசு நாலு ஃபலூஸ்’ என்றுதான் எழுதியிருக்கிறது. ஃபலூஸ் என்றால் செம்புச் சில்லறை.

வேலப்பாடி டீச்சர்:
ரொம்ப நன்றி. டார்ச் வைத்துப் பார்த்துவிட்டேன், குட்டிக் கேடயம் இருக்கிறது! உள்ளே அல்லிப்பூ தெரியவில்லை, மழுங்கிய ஒரு மேடுதான். அதை அப்படியே எழுதப்போகிறேன். விக்கிமீடியா காமன்ஸ் என்ற இணையப் பொதுப் படக் களஞ்சியத்தில் அளவுகோலோடு ஏற்றலாம் என்று இருக்கிறேன், தமிழிலேயே விவரம் எழுதி:

‘20 காசு, செம்பு, 1808. இங்கிலாந்தின் சோஹோ நாணய ஆலையில் அடித்தது. கேடயத்தின் வலச் சிங்கம் (பார்ப்பவருக்கு இடம்) முகம் தேய்ந்தது. இடச் சிங்கம், கொடி தெளிவு. வலது மேல் மூலைக் கேடயத்தின் உட்சின்னம் தெரியவில்லை. படத்தில் எதுவும் சேர்க்கப்படவில்லை.’

கீழ்ப்பட்டையின் லத்தீன் எழுத்தில் பாதிதான் பிடிபடுகிறது. முழு வாசகத்தையும் போட்டுவிடலாமா, தெரிகிற எழுத்தை மட்டும் போடலாமா?

குடியாத்தம் காசுக்காரன்:
தெரிகிறதை மட்டும் எழுதி, தெரியாத இடத்துக்குப் புள்ளி வையுங்கள். முழு வாசகத்தைத் தனி வரியில் கொடுத்துவிடலாம். ஆர்.டி.ஐ. படங்களைச் சுருக்காமல் மூலக் கோப்பாகவே ஒரு பிரதி வைத்திருங்கள்.