மேம்பாலத்தின் அடியில் படுப்பவருக்கும் எண்ணெய்க்கும் என்ன தொடர்பு?

மாணவன்:
எண்ணெய்ச் சார்பையும் நகரத்து வீடின்மையையும் சேர்த்துக் கட்டுரை எழுதுகிறேன். 1973இல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை போட்டதும் சில மாதங்களிலேயே பீப்பாய் விலை ஏறக்குறைய நான்கு மடங்கானது. அதுவரை புரிகிறது. நான் தினமும் கடக்கும் மேம்பாலத்தின் அடியில் ஒருவர் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துப் படுக்கிறார். செருப்பைத் தலைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார், திருட்டுப் பயம். அவரையும் பீப்பாயையும் வலிந்து முடிச்சுப் போடுகிறேனோ?

பதில் 1:
வலிந்ததில்லை தம்பி. டீசல் ஏறினால் லாரி வாடகை ஏறும். காய்கறி, சிமெண்ட் எல்லாம் ஏறும். கூலி மட்டும் அசையாது. கடைசியில் துண்டு விழுவது வீட்டு வாடகையில்தான். வாடகை குறைந்த இடமோ வேலையிலிருந்து வெகுதூரம். மிச்சம் பிடித்ததை பஸ் டிக்கெட் தின்றுவிடும்.

பதில் 2:
எல்லாப் பழியையும் எண்ணெய் மேல் போடாதீர்கள். பின்லாந்தும் கச்சா எண்ணெயை இறக்குமதிதான் செய்கிறது. ஆனால் 2008இலிருந்து, முதலில் வீடு, மற்றதெல்லாம் பிறகு என்று நிபந்தனையில்லாமல் வீடு கொடுத்து, நீண்டகால வீடின்மையை வெகுவாகக் குறைத்தது.

மாணவன்:
பின்லாந்து என் வாதத்தில் பாதியைக் கவிழ்த்துவிட்டது, நன்றி! அந்தப் பத்தியைத் திருத்துகிறேன். செருப்பை மட்டும் எடுக்கமாட்டேன்.