இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்து வயசானவங்க மனசுக்கு வைத்தியம்: சேர்ந்து செய்யலாமா, அரசாங்கமே செய்யணுமா?

ஹட்டன்பையன்:
மாசாமாசம் பிரஷருக்கும் சீனிக்கும் மருந்தெடுக்க டிஸ்பென்சரிக்கு வர்ற தாத்தா பாட்டிமார்கிட்ட தூக்கம் வருதா, சோறு எறங்குதான்னு ரெண்டு வார்த்த கேட்டா என்ன? தோட்டம், எம்ஓஎச் ஆபிஸ் (அரசாங்க சுகாதார ஆபிஸ்), முதியோர் சங்கம், கோயில் கமிட்டி எல்லாம் சேர்ந்தா நடக்கும். தேவப்படுறவங்கள தோட்டத்து வேன்லயே பெரியாஸ்பத்திரி மனநல கிளினிக்குக்கு அனுப்பலாம்.

பெரட்டுக்களம்:
கமிட்டி போடுறதுல நம்மள மிஞ்ச ஆளே இல்ல தம்பி 😄 டீ, பிஸ்கட், போட்டோ, அதோட சரி. 1992ல தோட்டங்கள கம்பனிகிட்ட குடுத்ததுலருந்து சில ஆஸ்பத்திரிய அரசாங்கம் எடுத்துச்சு, மத்ததுல இவன் அவனக் காட்டுறான் அவன் இவனக் காட்டுறான், இப்ப கூட்டா செய்வோம்னா ரெண்டு பேருக்கும் தப்பிக்க வசதி. அரசாங்கமே முழுசா எடுக்கட்டும்.

பதுளை_நர்ஸக்கா:
மனசு சரியில்லன்னு யாரும் வர்றதில்லப்பா. ஒடம்பெல்லாம் எரியுது, தல சுத்துதுன்னுதான் வருவாங்க. டாக்டர் சிங்களத்துல கேப்பாரு, பேத்தி நடுவுல நின்னு சொல்லும், செத்தா தேவலன்னு தோணுதுன்னு அந்த பாட்டி பேத்தி முன்னாடி வாயத் தொறக்குமா? மொதல்ல தமிழ் பேசுற ஆளப் போடுங்க. இன்னொன்னு, மறதின்னா ஒடனே வயசாயிருச்சுன்னு விட்டுடாதீங்க, தைராய்டு, பி12 கொறவு, மனச்சோர்வு இதுலயும் மறதி வரும், மருந்து குடுத்தா தேறுவாங்க.

பெரட்டுக்களம்:
அதத்தானே அக்கா நானும் சொல்றேன். அங்கொட மனநல ஆஸ்பத்திரியோட நிக்காம ஊருக்குள்ள சேவய கொண்டு போகணும்னு 2005லயே கொள்க போட்டாச்சு. மேல தோட்டத்துக்கு இன்னும் ஏறி வரல.

மஸ்கெலியா_மச்சான்:
கோயில் கமிட்டிய மட்டும் இழுக்காதீங்க சாமி. எங்க லயத்து (லைன் வீட்டு) பெரியம்மா ஒருத்தங்க கிளினிக் போய்ட்டு பஸ்ஸவிட்டு எறங்கல, அதுக்குள்ள தண்ணி புடிக்கிற பீலிக்கரையில பைத்தியம்னு பேரு வச்சிட்டாங்க, அப்புறம் அவங்க மருந்துக்கே போகல.

ஹட்டன்பையன்:
மச்சான், கோயில் மைக்குல கிளினிக் நாள சொன்னா போதும், பேர் விவரம் எதுக்கு? பெரட்டுக்களம் அண்ணே, அரசாங்கம் எடுக்கட்டும், நான் வேணாங்கல. அதுவரைக்கும் புள்ளைங்கள கொழும்பு கடைக்கு அனுப்பிட்டு லயத்துல தனியா கெடக்குற கெழவி என்ன செய்யும்? மனநல உதவி நம்பர் 1926க்கு போன் போடலாம்தான், அதுக்கும் பக்கத்துல ஒரு ஆள் வேணுமே.

பெரட்டுக்களம்:
சரி, வேனுக்கு டீசல் காசு யாரு குடுப்பா? தோட்டத்து மேனேஜர் தொரகிட்ட எழுத்துல வாங்கிட்டு வா, கமிட்டில என் பேரையும் போட்டுக்க.