கரண்ட் போன நேரத்தில் படித்த பேய்க் காமிக்ஸ்

தறிச்சத்தம், குமாரபாளையம்

போன மாதம் தம்பிக்குக் காய்ச்சல். ராத்திரி ஷிப்ட்டுக்கு ஆள் இல்லாததால் தறியைப் பார்க்க நான் போனேன். பன்னிரண்டு தறி ஓடும் ஷெட். அந்தச் சத்தத்திலேயே வளர்ந்தவனுக்கு அது காதில் விழாது. பாவு நூல் அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும், தார் (ஊடை நூல் சுற்றிய குச்சி) தீர்ந்தால் மாற்ற வேண்டும். நடுவில் கிடைக்கும் நேரத்துக்கு என்று ஒரு காமிக்ஸ் கொண்டு போயிருந்தேன்: 'சம்திங் இஸ் கில்லிங் த சில்ட்ரன்', முதல் தொகுப்பு.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. விஸ்கான்சினில் ஒரு சிறு ஊர், குழந்தைகள் காணாமல் போகிறார்கள். கொல்லும் மிருகத்தைக் குழந்தைகளால் பார்க்க முடியும், பெரியவர்கள் கண்ணுக்கு அது தெரியாது. அதை வேட்டையாட வருகிறாள் எரிகா என்ற பெண். வாயை மறைத்துப் பல் வரிசை வரைந்த ஒரு துணி கட்டியிருப்பாள், கையில் ஒரு ஆக்டோபஸ் பொம்மை. ஜேம்ஸ் டினியன் எழுத, வெர்தர் டெல்எடேரா வரைந்தது. 2019-இல் பூம் ஸ்டுடியோஸ் தொடங்கியபோது ஐந்து இதழோடு முடிக்கத்தான் திட்டமாம். விற்ற விற்பனையில் தொடராகிவிட்டது.

மூன்றாவது இதழ் போய்க்கொண்டிருந்தது. மணி ஒன்றரை இருக்கும். பக்கத்தைத் திருப்பக் கை வைத்தேன், கரண்ட் போயிற்று. பன்னிரண்டு தறியும் நின்றன. பேய்ப் படத்தில் சத்தம் போட்டுப் பயமுறுத்துவார்கள். தறிக்காரனை மிரட்ட அது வேண்டாம், அமைதி போதும். என் மூச்சு எனக்கே கேட்டது. போனில் டார்ச்சைப் போட்டேன், திருப்பின பக்கத்தில் அந்த மிருகம் நின்றது. அதே நேரம் வாசல் பக்கம் இருட்டிலிருந்து ஒரு குரல்: "ஏனுங் தம்பி, உங்களுக்கும் கரண்ட் போயிருச்சுங்களா?"

பக்கத்து ஷெட் காவல்கார அப்பாரு. நான் எகிறியதில் தார்க் கூடை கவிழ்ந்தது. விடியும் வரை தார் பொறுக்கினேன்.

விமர்சனம் என்று கேட்டால், முதல் 15 இதழ் ஒரே ஊரில் நடக்கும் ஒரே கதை. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அதற்கப்புறம் எரிகாவின் சின்ன வயதுக் கதை, அவளை வளர்த்த வேட்டைக்காரக் கூட்டம், அதன் சட்டதிட்டம் என்று பாவு நூலை இழுத்துக்கொண்டே போகிறார்கள், துணி நெய்கிற மாதிரித் தெரியவில்லை. பயம் போய் நிர்வாகம் வந்துவிட்டது.

சரி, நீங்கள் சொல்லுங்கள். சமீபத்தில் எந்த இதழ் உங்களை மிரட்டியது? எங்கே உட்கார்ந்து படித்தீர்கள்? எனக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

ஏற்காடு எக்ஸ்பிரஸ், சேலம்

அண்ணா, என் பேரிலேயே பதில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி ஊருக்கு வரும்போது ரயிலில், மேல் பர்த்தில், போனில் படித்தேன். 'பினீத் த ட்ரீஸ் வேர் நோபடி சீஸ்'. ஐ.டி.டபிள்யூ வெளியீடு, ஆறு இதழ். எழுதி வரைந்தவர் ஒரே ஆள், பாட்ரிக் ஹோர்வாத்.

பார்த்தால் குழந்தைப் புத்தகம் மாதிரி இருக்கும். நீர்வண்ணத்தில் அழகான சிற்றூர், எல்லோரும் விலங்குகள், சட்டை போட்டு நடமாடுகிறார்கள். நாயகி ஒரு கரடி. ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறாள், ஊரில் எல்லோருக்கும் பிடித்தவள். அவ்வப்போது நகரத்துக்குப் போய் முன்பின் தெரியாத ஒருவரைக் கொன்று காட்டில் புதைத்துவிட்டு வருவாள். சொந்த ஊரில் கை வைக்கக் கூடாது என்பது அவள் கட்டுப்பாடு. திடீரென்று அந்த ஊரிலேயே வேறு யாரோ கொல்ல ஆரம்பிக்கிறார்கள். இவளுக்கு வருகிற கோபத்தைப் பார்க்க வேண்டுமே!

கரடி அறுவை வேலையில் இருக்கும் பக்கம் வந்தபோது எதிர் பர்த்துச் சிறுமி எட்டிப் பார்த்து, "மாமா, கரடி என்ன பண்ணுது?" என்றாள். "சமையல்" என்றேன். அவள் அம்மா என்னைப் பார்த்த பார்வை அந்த ஆறு இதழிலும் இல்லை.

ஒரு குறை. போனில் கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் வசதியில் படித்தேன். அதில் படிக்காதீர்கள். முழுப் பக்கத்தையும் ஒரே பார்வையில் பார்க்கும்போது மேலே பூ, கீழே ரத்தம் என்று வைத்திருக்கிறார். போன் பூவைத் தனியாகவும் ரத்தத்தைத் தனியாகவும் காட்டியது.

ஆனைமலைக்காரி, பொள்ளாச்சி

ஏற்காடுத் தம்பி சொன்ன கடைசி விஷயம்தான் இந்த வகைக் காமிக்ஸுக்கு உயிர். அமெரிக்க இதழ் ஒன்றில் கதை இருபது, இருபத்திரண்டு பக்கம். வலது பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் கதவு திறக்கும், தாளைத் திருப்பினால் இடது பக்கத்தில் பேய் நிற்கும். திருப்புகிற அரை நொடிதான் பயம். நமது விரலே நம்மைக் காட்டிக்கொடுக்கும். திரையில் தள்ளிப் படித்தால் அந்த அரை நொடி போயே போயிற்று.

நான் இந்தக் கோடை விடுமுறையில் 'ஹாரோ கவுண்டி' படித்தேன். புதிது இல்லை, 2015-இல் தொடங்கி 2018-இல் 32 இதழோடு முடிந்த தொடர். டார்க் ஹார்ஸ் வெளியீடு, கல்லன் பன் எழுத்து, டைலர் குரூக் ஓவியம். தாமதமாகக் கைக்கு வந்தது, அவ்வளவுதான். அதை நான் படித்த இடம் ஆனைமலை, என் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வீட்டுத் திண்ணை.

1930-களின் அமெரிக்கத் தென்பகுதிக் கிராமம். வைத்தியம் பார்த்துவந்த ஹெஸ்டர் பெக் என்ற பெண்ணைச் சூனியக்காரி என்று ஊரே சேர்ந்து அடித்து, மரத்தில் தூக்கிலிட்டு, எரிக்கிறது. திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுச் சாகிறாள். அந்த மரத்திலிருந்து கிடைத்த குழந்தைதான் எம்மி. பதினெட்டு வயது நெருங்கும்போது, ஊர் தன்னை ஏன் ஒரு மாதிரிப் பார்க்கிறது என்று அவளுக்குப் புரியத் தொடங்குகிறது. பதினெட்டு வருடமாக அவளைக் கூட உட்காரவைத்துச் சாப்பிட்ட ஊர், அவள் அவளாகத்தான் இருப்பாளா, செத்தவளாக மாறிவிடுவாளா என்று காத்திருந்திருக்கிறது. முதல் இதழில் முள்ளுக்குள் ஒரு பையனைப் பார்ப்பாள். அவனுடைய தோல் தனியாகக் கிடக்கும். அந்தத் தோலைச் சுருட்டித் தன் பையில் வைத்துக்கொள்கிறாள். தோலில்லாத பையன் எங்கெங்கோ போய்ப் பார்ப்பதைப் பையிலிருக்கும் தோல் அவள் காதில் சொல்லும். இப்படி ஒன்றை எப்படித்தான் யோசித்தார்களோ. குரூக்கின் நீர்வண்ணம் இன்னொரு அதிசயம். இரண்டு பக்கம் விரியும் காட்சியில் தொடரின் பெயரையே வேராக, புகையாக நிலத்துக்குள் வரைந்துவிடுவார்.

இதைத் திண்ணையில் படித்துக்கொண்டிருந்தபோது எதிரே மாசாணியம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம். கோயிலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே அம்மன் நிற்கவில்லை, மயானத்தில் படுத்திருக்கிறாள். வஞ்சிக்கப்பட்டவர்கள் மிளகாய் அரைத்து நீதிக் கல்லில் பூசிவிட்டு வருவார்கள். அவள் கதையை அம்மிச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆற்றில் மிதந்து வந்த மாங்காயை எடுத்துத் தின்றாள் என்று நன்னன் என்ற சிற்றரசன் ஒரு பெண்ணைக் கொன்றான். குறுந்தொகையில் பரணர் பாடியிருக்கிறார், 292-ஆவது பாட்டு. எண்பத்தொரு யானையும் அவள் எடைக்கு எடை பொன்னால் பாவையும் தருகிறோம் என்று சொல்லியும் விடவில்லையாம். 'பெண்கொலை புரிந்த நன்னன்' என்று அவன் பெயர் நின்றுவிட்டது. ஊர் அந்தப் பெண்ணைச் சாமியாக்கிக்கொண்டது.

ஹாரோ கவுண்டிக்காரர்கள் கொன்றவளைக் கண்டு பயந்தார்கள், நாம் கொன்றவளைக் கும்பிட்டோம். பயம் இரண்டிலும் ஒன்றுதானா என்று அம்மிச்சியிடம் கேட்டேன். "தப்புப் பண்ணுனவன்தான் கண்ணு பயப்படோணும்" என்று சொல்லிவிட்டு மிளகாய் காயவைக்கப் போய்விட்டார்.

தொடரின் பின்பாதி எனக்கு ருசிக்கவில்லை. எம்மியின் உறவுக்கூட்டம் என்று வரிசையாக வந்து சக்தி காட்டுகிறார்கள். அந்த ஊர்க்காரர்களின் குற்றவுணர்ச்சி இருந்த இடத்தில் சண்டை வந்து உட்கார்ந்துவிட்டது. முதல் எட்டு இதழ் கிடைத்தால் விடாதீர்கள்.

சாயப்பட்டறை, திருப்பூர்

எல்லோரும் நீர்வண்ணம், நீர்வண்ணம் என்கிறீர்கள். வேலை முழுக்கச் சாயத்தோடு இருப்பவன் சொல்கிறேன், பயத்துக்குக் கறுப்பு போதும்.

நடமாடும் பிணங்களின் கதையான 'த வாக்கிங் டெட்' 2003 முதல் 2019 வரை 193 இதழும் கறுப்பு வெள்ளையில் வந்தது. ராபர்ட் கிர்க்மன் எழுத்து. முதல் ஆறு இதழ் டோனி மூர், அப்புறம் கடைசி வரை சார்லி அட்லார்ட். 2020-இலிருந்து அதையே வண்ணம் பூசி மறுபடி இதழ் இதழாகப் போட்டார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வண்ணத்தில் மோசம் என்று சொல்ல மாட்டேன், வேலை சுத்தம். ஆனால் கறுப்பு வெள்ளையில் ஒரு கறை ரத்தமா, நிழலா, சேறா என்று தெரியாது. வண்ணம் வந்ததும் ரத்தம் என்று சீட்டு ஒட்டிவிட்டார்கள். எங்கள் பட்டறையில் ராத்திரி தரையில் நிற்கும் தண்ணீரும் அப்படித்தான், விளக்குப் போடும் வரை என்ன நிறமென்று சொல்ல முடியாது.

இன்னொரு கூத்து. அமெரிக்காவில் 1954-இல் காமிக்ஸுக்கு ஒரு தணிக்கை விதி கொண்டுவந்தார்கள். தலைப்பில் 'ஹாரர்', 'டெரர்' என்ற வார்த்தை கூடாது, ரத்தக்காட்டேரி கூடாது, ஓநாய் மனிதன் கூடாது, 'வாக்கிங் டெட்' கூடாது. இதே வார்த்தை அந்த விதியில் இருக்கிறது! அதையொட்டி ஈ.சி. காமிக்ஸ் என்ற நிறுவனத்தின் பேய் இதழ்கள் நின்றன. 1971-இல் கொஞ்சம் தளர்த்தினார்கள். அந்த ஈ.சி. பெயரை 2024-இல் ஓனி பிரஸ் திரும்பக் கொண்டுவந்தது, 'எபிடாஃப்ஸ் ஃப்ரம் தி அபிஸ்' என்று. ஒரு இதழுக்குள் சின்னச் சின்னக் கதைகள், கெட்டவனுக்குக் கடைசிக் கட்டத்தில் ஆப்பு. சில கதை முதல் பக்கத்திலேயே முடிவு தெரிந்துவிடுகிறது. இருந்தாலும் டீக்கடையில் ஒரு டீ ஆறுவதற்குள் ஒரு கதை முடிகிறதே, அது எனக்குப் பிடித்தது. இருநூறு பக்கம் இழுத்து ஒரு பேயைக் காட்டுவதை விட இது மேல்.

கோபி வாய்க்கால்

இதெல்லாம் படிக்க உங்களுக்குக் காசு இருக்கிறது. தனி இதழ் ஒன்று நாலு, ஐந்து டாலர். போன ஐப்பசியில் இணையத்தில் ஒரு தொகுப்பு வரவழைத்தேன். அடைமழையில் வாசற்படியில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பக்கமெல்லாம் ஒட்டிக்கொண்டு, பேய் எந்தப் பக்கத்தில் வருகிறது என்றே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

நான் இரும்புக்கை மாயாவி காலத்து ஆள். 1972-இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதலில் வந்தவன் அவன்தான். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும். எங்கள் தோட்டத்து மோட்டார் ரூமில் சுவிட்சைத் தொட்டுப் பார்க்கப் போய், அப்பாவிடம் வாங்கிய அறையில் நான் மறையவில்லை, பல்தான் மறைந்தது.

எனக்கு ஒரு கேள்வி. ஆனைமலை அம்மிணி சொன்னதைக் கேட்டால் நம்ம மண்ணில் இவ்வளவு இருக்கிறது. கருப்பராயன், கன்னிமார், முனியப்பன். ஏன் யாரும் வரையவில்லை?

ஆனைமலைக்காரி, பொள்ளாச்சி

வரைந்திருக்கிறார்கள் அண்ணா. பிரெண்டா பெக் என்ற கனடா மானுடவியலாளர் 1960-களில் காங்கேயம் பக்கத்துக் கிராமத்தில் தங்கி, கொங்கு நாட்டு அண்ணமார் கதையை உடுக்கைப் பாட்டாகப் பாடக் கேட்டுப் பதிவு செய்தார். பிற்பாடு அதை அசைபடமாகவும் படக்கதையாகவும் கொண்டுவந்தார். அண்ணன் தம்பி பொன்னர், சங்கர், தங்கை தங்காள், அந்தக் காட்டுப்பன்றி எல்லாம் உண்டு. பன்றி வரும் இடம் நன்றாகவே மிரட்டும்.

ஆனால் நீங்கள் கேட்பது பேய்க் காமிக்ஸ். அதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. அண்ணமார் கதையை ஒட்டி நடக்கும் படுகளச் சடங்கில் செத்தவர்களாக விழுந்து கிடப்பவர்கள் மேல் தண்ணீர் தெளித்து எழுப்புவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எழுகிறவர் கண்ணைப் பார்த்தால் நாலு நாள் தூக்கம் வராது. அதை யாராவது பல்லும் நகமுமாக வரைந்து பேயாக்கிவிட்டால் எங்கள் ஊரில் சண்டை வரும், வரத்தான் வேண்டும். சாமியை விட்டுவிட்டு, சாமியைக் கும்பிடப் போகும் ஆளின் பயத்தை யாராவது வரையட்டும். நான் காசு கொடுத்து வாங்குகிறேன், ஐந்து டாலர் ஆனாலும்.

சாயப்பட்டறை, திருப்பூர்

கறுப்பு வெள்ளையில் வரையச் சொல்லுங்கள் அக்கா.

தறிச்சத்தம், குமாரபாளையம்

ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு எப்படியும் எல்லோரும் வருவீர்கள். கோபி அண்ணனுக்கு என் தொகுப்பை எடுத்து வருகிறேன், பிளாஸ்டிக் பை போட்டு.

ஒரு சேதி பாக்கி. நேற்று ராத்திரி மறுபடி ஷிப்ட்டுக்குப் போனேன். கரண்ட் போகவில்லை. காவல்கார அப்பாரு தானாக வந்து, "அன்னிக்குப் பாத்துட்டிருந்தீங்களே, அந்தப் பொஸ்தவம் இருக்குதுங்களா?" என்றார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு தாளாக, எச்சில் தொடாமல், மெதுவாகத் திருப்பினார். நான் கதை சொல்லவில்லை, தறிச் சத்தத்தில் சொன்னாலும் கேட்காது. முடித்துவிட்டு வெளியே கூப்பிட்டுக் கேட்டார்: "அது புள்ளைங்களுக்கு மட்டுந்தானுங்களே தெரியுது?"

ஒரு எழுத்துப் படிக்காமல் அவருக்குப் புரிந்திருந்தது. டெல்எடேராவுக்கு இதைவிட நல்ல விமர்சனம் யார் எழுதப் போகிறார்கள்?

இரண்டாம் தொகுப்பு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். எனக்கு இல்லை, அவருக்கு.