பூசானில குறைஞ்சது வரி மட்டும்தானா?

31.10.2025, குடும்பக் குழு

சின்னக்கா: நேத்து தென்கொரியா பூசான்ல ட்ரம்ப்பும் ஷி ஜின்பிங்கும் சந்திச்சாப்பிறகு சீனச் சாமானுக்கு அமெரிக்க வரி 57 வீதத்தில இருந்து 47ஆமே. சண்டை முடிஞ்சிதா பெரியப்பா?

பெரியப்பா: இல்ல மகள். ஏப்ரல்ல பழைய வரிக்கு மேல அமெரிக்கா 145, சீனா 125 வீதம் எண்டு ஆளுக்காள் ஏத்தினாங்க. மே மாசம் ஜெனீவாப் பேச்சில அத 30, 10 எண்டு இறக்கினாங்க. வரி அப்படித்தான் ஏறும் இறங்கும். சீனாட பிடி அருமண் உலோகத்தில, மோட்டர்க் காந்தத்துக்குச் சேர்க்கிற உலோகங்கள்ல.

தம்பி: ஓம். ஏப்ரல் 4ல ஏழு உலோகத்துக்கு ஏற்றுமதி அனுமதி கட்டாயமாக்கினது. அதில ஒண்டு டிஸ்ப்ரோசியம். மின்கார் மோட்டர்ர காந்தம் நியோடிமியம், இரும்பு, போரன். அது மட்டும் எண்டா சூடேறக்குள்ள காந்தசக்தி விழுந்திரும், ஆறினாலும் திரும்பி வராது. கொஞ்சம் டிஸ்ப்ரோசியம் சேர்த்தாத்தான் 150 பாகையிலயும் நிக்கும்.

சின்னக்கா: வேற இடத்தில தோண்டேலாதா?

தம்பி: தோண்டலாம்கா, அமெரிக்காவிலயே மவுண்டன் பாஸ் சுரங்கம் இரிக்கி. பிரிக்கிறதுதான் பெரும்பாடு. எல்லாம் ஒரே குணம், அமிலத்தில கரைச்சி நூற்றுக்கணக்கான தரம் ஒரு திரவத்தில இருந்து இன்னொண்டுக்கு மாத்தி மாத்தி ஒதுக்கோணும். அந்த வேலை ஏறக்குறைய 90 வீதம் சீனாவில.

பெரியப்பா: அனுமதிக்கு யார் பாவிக்கிறது, எதுக்கு எண்டு தாள் குடுக்கோணும். தாள் பிந்தினா ஆலை நிக்கும். மே மாசம் ஃபோர்ட் சிகாகோ ஆலைய ஒரு கிழமை மூடினது அதாலதான். சீனா அமெரிக்காட்ட வாங்கிற சோயா அப்படியில்ல, அமெரிக்கா விட்டா பிரேசில்ல வாங்கலாம். செப்டெம்பர்ல சீனா அமெரிக்க சோயா ஒரு கப்பலும் இறக்கல்ல.

சின்னக்கா: இப்ப வாங்கிறம் எண்டு சொன்னதாமே?

பெரியப்பா: வருசம் 2.5 கோடித் தொன் எண்டு அமெரிக்கா சொல்லுது. 2020 ஒப்பந்தத்திலயும் 2017ஐ விட ரெண்டு வருசத்தில 20,000 கோடி டொலருக்குக் கூட வாங்கிறம் எண்டு கையெழுத்து வைச்சி, அந்தளவு வாங்கல்ல. கப்பல் போனாத்தான் நம்புவன்.

தம்பி: மறுகா, பூசான்ல ஒரு வருசம் நிறுத்தினது சீனா ஒக்டோபர் 9ல கொண்டுவந்த புது ஏற்றுமதி விதிய. அந்த ஏழு உலோக ஏப்ரல் பட்டியல் அப்படியே இரிக்கி.

சின்னக்கா: மாமி, சீனத் துணியில நாங்க தைச்ச சட்டைக்கு அமெரிக்கா 2025ல இலங்கைக்குப் போட்ட எங்கட 20 வீதமா, சீனாவுக்குப் போட்ட வரியா?

மாமி: எங்கட 20தான். எங்க முழுசாத் தைச்சிப் பொருத்தினதோ அந்த நாட்டுச் சாமான். பருத்திப் படுக்கை விரிப்பு எண்டா வேற, துணி நெய்த நாடுதான் கணக்கு. சீனாவில தைச்சத கொண்டுவந்து லேபல் மட்டும் மாத்தினா அமெரிக்கா 2025ல வைச்ச 40 வீதம், மேல தண்டமும் வரும். துணி இன்வொய்ஸ், வெட்டின கணக்கு, தையல் லைன் பதிவு மூண்டும் ஒரே ஓடர் நம்பர்ல ஒத்துப்போகோணும். ஒண்டு பிசகினாலும் அங்க கஸ்டம்ஸ்ல பெட்டி நிக்கலாம்.

சின்னக்கா: பட்டன் வேற நாட்டில பிடிச்சா?

மாமி: அதால நாடு மாறாது. கை, கழுத்து, உடம்பு எங்க பொருத்தினது எண்டுதான் பார்ப்பாங்க.