கேட்லாக் சான்றாகுமா? பெண் ஓவியர் கட்டுரைகள் பற்றி ஒரு தகராறு

தூரிகை:
"விக்கிப்பீடியா போன்ற இணையக் கலைக்களஞ்சியங்களில் பெண் ஓவியர்கள் குறைவாக இருப்பதற்கு ஒரே காரணம், அவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. கலைக்களஞ்சியம் கண்ணாடி மாதிரி, எதிரில் நிற்பதைத்தான் காட்டும்." இது வேறொரு இழையில் சான்றுக்காவலர் எழுதியது. படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை, அதனால்தான் இந்தத் தனி இழை.

யூடித் லெய்ஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1633இல் நெதர்லாந்தின் ஹார்லெம் நகர ஓவியர் சங்கத்தில் சேர்ந்தவர், 1660இல் இறந்தார். அப்புறம் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அவருடைய படங்கள் ஃபிரான்ஸ் ஹால்ஸ் போன்ற ஆண்களின் கணக்கில் ஏறிக்கிடந்தன. 1893இல்தான் ஹோஃப்ஸ்டெட தெ க்ரூட் என்ற ஆய்வாளர், ஹால்ஸ் வரைந்தது என்று சொல்லப்பட்ட ஒரு படத்தில் ஹால்ஸின் போலிக் கையெழுத்தையும், அதற்கடியில் லெய்ஸ்டரின் முத்திரையையும் கண்டுபிடித்தார். முதலெழுத்து இரண்டையும் பிணைத்துப் போட்டு, கூடவே ஒரு நட்சத்திரம். எதிரில் நின்றவர் முகத்தின் மேல் வேறொருவர் படத்தை ஒட்டிவைத்த கண்ணாடி ஐயா இது.

விஷயத்துக்கு வருகிறேன். 20ஆம் நூற்றாண்டுப் பெண் ஓவியர்கள் பலரைப் பற்றி விரிவாக எழுதப்பட்டிருப்பது கண்காட்சிக் கேட்லாக்குகளில்தான், அதாவது கண்காட்சியோடு சேர்த்து வெளியிடும் விவர நூல்களில். அதைச் சான்றாகக் கொடுத்தால் "தற்சார்பு", அதாவது கண்காட்சி நடத்தியவரே தன்னைப் பற்றி எழுதியது, என்று தள்ளிவிடுகிறார்கள். இந்த வழக்கம் ஒழிய வேண்டும்.

சான்றுக்காவலர்:
லெய்ஸ்டருக்குப் பல மொழிகளில் கட்டுரை இருக்கிறது. இல்லாத பிரச்சினைக்கு எதற்கு இத்தனை நீளம்?

கேட்லாக் அச்சடிப்பது யார்? படத்தைச் சுவரில் மாட்டியவர். அவர் தன் கண்காட்சியைப் புகழாமல் வேறு என்ன செய்வார்? கட்டுரைக்கு உரியவரோடு தொடர்பில்லாத மூன்றாம் தரப்பு எழுதியிருக்க வேண்டும். ஆணுக்கும் இதே விதிதான். கேட்லாக் சான்றாகாது.

பழையபதிப்பு:
மூன்றாம் தரப்பின் லட்சணத்தையும் பார்த்துவிடலாமே. கோம்பிரிச்சின் கலை வரலாறு 1950இல் வந்தது. ஜான்சனுடையது 1962இல் வந்து, தலைமுறை தலைமுறையாகக் கல்லூரிகளில் பாடநூலாக இருந்தது. இரண்டின் முதல் பதிப்பிலும் ஒரு பெண் ஓவியர்கூடக் கிடையாது. ஜான்சனின் நூலில் பெண்கள் இடம்பெற 1980கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. "யாரும் எழுதவில்லை" என்று நீங்கள் சொல்வது இவர்களைத்தான். எழுதாதவர்களையே நீதிபதியாக உட்கார வைத்தால் தீர்ப்பு எப்படி வரும்?

தூரிகை:
அப்படிக் கேளுங்கள்.

1976இல் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி அருங்காட்சியகத்தில் 1550 முதல் 1950 வரையான பெண் ஓவியர்களுக்கென்று ஒரு கண்காட்சி நடந்தது. அமைத்தவர்கள் ஆன் சதர்லண்ட் ஹாரிஸும் லிண்டா நாக்லினும். அந்தக் கண்காட்சியின் கேட்லாக், அதற்குப் பின் இந்தத் துறையில் எழுதியவர்களுக்கெல்லாம் அடிப்படை நூலாகிவிட்டது. கலை வரலாற்றுப் பேராசிரியர்கள் இருவர் உழைத்து எழுதிய நூலை விளம்பரத் துண்டுச்சீட்டு என்பீர்களா? ஆமாம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லுங்கள்.

சான்றுக்காவலர்:
அது அருங்காட்சியகம். நான் சொன்னது விற்பனைக் காட்சிக்கூடங்களின் கேட்லாக்கை. இரண்டையும் குழப்பாதீர்கள்.

தூரிகை:
குழப்புவது யார்? மேலே போய் நீங்கள் எழுதியதைப் படியுங்கள். "கேட்லாக் சான்றாகாது." அருங்காட்சியகமா, விற்பனைக்கூடமா என்ற பிரிவினை அதில் எங்கே இருக்கிறது? கட்டுரைகளை நீக்கக் கோரும் பக்கங்களிலும் இந்த இரண்டு சொல்லைத்தான் போட்டுக்கொண்டே போகிறீர்கள்.

இன்னொன்று. யாருக்குக் கட்டுரை இருக்கலாம் என்று சொல்லும் ஆங்கில விக்கிப்பீடியாவின் குறிப்பிடத்தக்கமை விதியிலேயே, பல முக்கிய அருங்காட்சியகங்களின் நிரந்தரச் சேகரிப்பில் படைப்புகள் இருப்பது ஒரு தகுதியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அதற்குச் சான்றாக எதைக் கொடுக்கிறோம்? பெரும்பாலும் அந்த அருங்காட்சியகத்தின் சொந்த இணையதளத்தைத்தான். "எங்களிடம் படம் இருக்கிறது" என்று சொல்லும்போது நம்புகிறீர்கள். அதே அருங்காட்சியகம் ஆய்வாளரை வைத்து முந்நூறு பக்கம் எழுதினால் மட்டும் சந்தேகம் வந்துவிடுகிறது.

சான்றுக்காவலர்:
சேகரிப்பில் இருப்பது தகவல். கேட்லாக்கில் இருப்பது கருத்து. இதுகூடப் புரியாதவருக்கு நான் பாடம் எடுக்க முடியாது. கேட்லாக் சான்றாகாது.

நீலமை:
2018 மே மாதம் டோனா ஸ்டிரிக்லண்ட் பற்றிய கட்டுரை வரைவு, சான்று போதாது என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் நிராகரிக்கப்பட்டது. அக்டோபரில் அவருக்கு நோபல் பரிசு. இந்த ஒரு உதாரணம் போதாதா?

அணில்வால்:
அவர் இயற்பியலாளர். இது ஓவியர்களைப் பற்றிய இழை. நோபல் பெயரைச் சொன்னால் வாயடைத்துப் போவோம் என்று நினைப்பா?

என் வருத்தம் வேறு. 2014இல் நியூயார்க்கில் கலையும் பெண்ணியமும் என்று தொடர்தொகுப்பு நிகழ்வுகளை, அதாவது பலர் கூடி உட்கார்ந்து விக்கிப்பீடியாவில் எழுதும் நிகழ்வுகளைத் தொடங்கினார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் இப்படிப்பட்ட நிகழ்வுகளில் புதியவர்கள் ஒரே மாலையில் மூன்று வரிக் கட்டுரைகளைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். பிறந்தார், வரைந்தார், இறந்தார். மறுநாள் அதில் மேற்கோள் தேடி அலைவது என்னைப் போன்றவர்கள்.

தூரிகை:
மூன்று வரி எழுதியவர் ஏன் திரும்பி வரவில்லை என்று யோசித்தீர்களா? விடிவதற்குள் அவர் பேச்சுப் பக்கத்தில் நான்கு எச்சரிக்கை வார்ப்புருக்கள், முன்பே தயாராக வைத்திருக்கும் அறிவிப்புகள். வரவேற்று ஒரு வரி கிடையாது. கால்பந்து வீரர்களுக்கு எத்தனை மூன்று வரிக் கட்டுரைகள் கிடக்கின்றன, அங்கே போய் யாராவது இப்படி நிற்கிறீர்களா?

பலன் இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆங்கில விக்கிப்பீடியாவின் வாழ்க்கை வரலாறுகளில் பெண்களின் பங்கு 2014 வாக்கில் 15 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. இப்போது ஏறத்தாழ 20. உட்கார்ந்து எழுதியவர்களால் வந்த வளர்ச்சி அது. வார்ப்புரு ஒட்டியவர்களால் வந்ததில்லை.

அணில்வால்:
நான் ஒட்டிய வார்ப்புருக்களால்தான் பல கட்டுரைகள் பிழைத்தன. அதையும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.

சான்றுக்காவலர்:
எல்லாவற்றையும் ஆண்களின் சதி என்று பேசுவது சுலபம். ஸ்வீடன் ஓவியர் ஹில்மா அஃப் கிளிண்ட் என்ன செய்தார்? தான் இறந்து 20 ஆண்டுகள் வரை படங்களைக் காட்டக்கூடாது என்று அவரே சொல்லிவிட்டார். ஒளித்து வைத்ததற்கு யார் பொறுப்பு?

தூரிகை:
அவர் இறந்தது 1944இல். 20 ஆண்டு கூட்டினால் 1964. அதற்கப்புறமும் அவர் படங்கள் பெரிய கண்காட்சி ஒன்றில் இடம்பெற 1986 ஆனது. 2012இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அருவ ஓவியத்தின், அதாவது கண்ணால் காணும் உருவங்களை வரையாத ஓவியத்தின், தோற்றம் பற்றியே ஒரு பெரிய கண்காட்சி வைத்தது. 1906இலேயே அந்த வழியில் வரையத் தொடங்கியவருக்கு அதில் இடமில்லை. அவர் கேட்ட 20 ஆண்டு முடிந்து அரை நூற்றாண்டு ஆகப்போகிற நேரம் அது. பிறகு 2018இல் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தபோது ஆறு லட்சம் பேருக்கு மேல் போய்ப் பார்த்தார்கள். ஒளித்தவர் அவர் என்றால், மீதி ஆண்டுகளுக்கு யார் கணக்குச் சொல்வது?

பழையபதிப்பு:
எழுதப்பட்ட கட்டுரைகளும் எப்படித் தொடங்குகின்றன பாருங்கள். அமெரிக்க ஓவியர் லீ கிராஸ்னர் என்றால், அவர் கணவரும் ஓவியர் என்பதால், முதல் வரியிலேயே "ஜாக்சன் போலக்கின் மனைவி". போலக் கட்டுரையின் முதல் வரியில் "கிராஸ்னரின் கணவர்" என்று பார்த்ததுண்டா?

அணில்வால்:
மனைவிதானே? உண்மையை எழுதினால் அதுவும் குற்றமா?

பழையபதிப்பு:
உண்மை முதல் வரியிலும் இருக்கலாம், நான்காம் பத்தியிலும் இருக்கலாம். எங்கே வைக்கிறோம் என்பதுதான் கேள்வி. போலக் இறந்தது 1956இல். அந்த ஆண்டே நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவர் படங்களுக்குப் பெரிய கண்காட்சி வைத்தது. கிராஸ்னருக்கு அதே இடத்தில் 1984 வரை ஆனது, அதுவும் அவர் இறந்த பிறகு. இடையில் 28 ஆண்டுகள். "மனைவி" என்ற முதல் வரி எங்கிருந்து முளைத்தது என்று இப்போது தெரிகிறதா?

சான்றுக்காவலர்:
இழை எங்கெங்கோ போகிறது. தூரிகைக்கு என் மேல் பழைய கோபம், அவ்வளவுதான். அவர் எழுதிய கட்டுரை ஒன்றை நீக்கப் பரிந்துரைத்தேன். அதிலிருந்த ஒரே சான்று கேட்லாக்.

தூரிகை:
ஆமாம், கோபம்தான். மறைக்கவில்லை. அந்தக் கேட்லாக்கை நூலகத்தில் தேடிப் பிடித்து, பக்க எண் போட்டு எழுதியிருந்தேன். நீங்கள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "கேட்லாக்" என்ற சொல்லைப் பார்த்ததுமே பரிந்துரை வந்து விழுந்தது. யார் எழுதினார், யார் பதிப்பித்தார் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

1976 கேட்லாக் பற்றிக் கேட்டதற்கும் இன்னும் பதில் வரவில்லை. ஆமாமா, இல்லையா?

சான்றுக்காவலர்:
ஒரே ஒரு கேட்லாக்கைக் காட்டி விதியை மாற்ற முடியாது.

தூரிகை:
ஆமாமா, இல்லையா?

நீலமை:
ஸ்டிரிக்லண்ட் பற்றி நான் சொன்னதற்கும் யாரும் பதில் சொல்லவில்லை.

சான்றுக்காவலர்:
கட்டுரையை மறுபடி போடுங்கள், தடுக்க மாட்டேன். கேட்லாக்கைத் தவிர வேறு சான்று இல்லையென்றால் மறுபடி பரிந்துரைப்பேன்.

தூரிகை:
போடுகிறேன். இரண்டு நாளிதழ் விமர்சனங்களும் சேர்ந்திருக்கின்றன. ஆனால் முதல் மேற்கோள் அந்தக் கேட்லாக்தான்.