ரெண்டும் ஒரே சொல்தான், ஆனா பொருந்தவே மாட்டேங்குது (அவசரம்)

புதுவரவு_12: லிஸ்ட்ல "கோடு" இருக்கு. நான் தேடுறதும் "கோடு"தான். ஆனா ரெண்டும் ஒண்ணான்னு பாக்குற இஃப் உள்ளேயே போகல. ராத்திரி முழுக்க இதோடதான் மல்லுக்கட்டுறேன். யாராவது சொல்லுங்க.

நூலேணி: எந்த லாங்குவேஜ்? கோட் எங்க?

புதுவரவு_12: பைத்தான்ங்க. கோட்ல ஒண்ணுமில்ல, ரெண்டு சமக்குறி, அவ்வளவுதான்.

அரைப்புள்ளி: கடைசியில நியூலைன் (கண்ணுக்குத் தெரியாத வரி முடிவுக் குறி) ஒட்டிக்கிட்டு வந்திருக்கும். எப்பவும் இதான். ஓரத்துல ஒட்டினதை வெட்டுற ஸ்ட்ரிப் போடுங்க, முடிஞ்சது.

மூத்தகுடி: பைத்தான் 2-ஆ 3-ஆ, லிஸ்ட் எங்கிருந்து வந்தது, எதுவும் சொல்லல. கேள்வி கேக்கவும் ஒரு முறை இருக்கு தம்பி. பைட்ஸையும் (வெறும் எண் வரிசை) ஸ்ட்ரிங்கையும் (எழுத்து வரிசை) ஒப்பிட்டிருப்பீங்க. அடிப்படையைப் படிச்சுட்டு வாங்க.

புதுவரவு_12: 3தான் சார். ரெண்டுமே ஸ்ட்ரிங்தான். ஸ்ட்ரிப் போட்டும் அதே கதை. லென் போட்டு நீளம் பார்த்தா ஒண்ணு 4, இன்னொண்ணு 5.

அரைப்புள்ளி: பாத்தீங்களா! ஒண்ணு ஒட்டியிருக்குன்னு சொன்னேன்ல?

நூலேணி: ஸ்ட்ரிப்புக்கு அப்புறமும் 5ன்னா அது ஓரத்துல இல்ல, நடுவுல இருக்கு. ரெண்டு சொல்லையும் லிஸ்ட்டா மாத்தி பிரிண்ட் பண்ணிப் போடுங்க.

புதுவரவு_12:
['க', 'ோ', 'ட', 'ு']
['க', 'ே', 'ா', 'ட', 'ு']

நூலேணி: மாட்டிக்கிச்சு. கோ-வுல வர்ற குறியை யூனிகோட்ல (எழுத்துக்கெல்லாம் எண் கொடுக்கிற முறை) ஒரே குறியாவும் எழுதலாம், கொம்பு தனி கால் தனின்னும் எழுதலாம். திரையில ஒண்ணுதான், பைத்தானுக்கு வேற வேற. யூனிகோட்டேட்டா மாட்யூல்ல நார்மலைஸ் இருக்கு. ரெண்டு பக்கத்தையும் என்எஃப்சி-க்கு (பிரிஞ்ச குறிகளை ஒண்ணா சேர்க்கிற வடிவம்) மாத்திட்டு ஒப்பிடுங்க. ஒரு பக்கம் மட்டும் மாத்தினா பிரச்சினை வேற சொல்லுக்குத் தாவும். ஔ-வுக்குப் பதிலா யாராவது ஒ, ள-ன்னு அடிச்சிருந்தா மட்டும் இது காப்பாத்தாது. லிஸ்ட் மேக்ல இருந்து எடுத்த ஃபைல் பேர்களா? மேக்கோட பழைய ஃபைல் சிஸ்டமான ஹெச்எஃப்எஸ்+ பேரைப் பிரிச்சுதான் வைக்கும்.

மூத்தகுடி: "கோடு" ரெண்டெழுத்து. அதை 4ன்னு எண்ணுற லாங்குவேஜை வச்சுக்கிட்டு தமிழ் பண்ணா இப்படித்தான். ஸ்விஃப்ட் லாங்குவேஜ்ல 2ன்னு ஒழுங்கா வரும்.

அரைப்புள்ளி: லாங்குவேஜ் என்ன பண்ணும், யூனிகோடே கோணல். தமிழுக்குன்னே செஞ்ச டேஸ்16 என்கோடிங்ல கோ-வுக்கு ஒரே எண். 2010லயே தமிழ்நாடு அரசு ஆணை போட்டாச்சு.

மூத்தகுடி: அதே ஆணையில யூனிகோடும் இருக்கு. இப்ப இதை நீங்க எதுல அடிச்சீங்க?

அரைப்புள்ளி: வேற வழியில்லாம அடிக்கிறதும் ஒத்துக்கிறதும் ஒண்ணா?

நூலேணி: கேட்டவர் எங்கப்பா?

புதுவரவு_12: வந்துடுச்சு. ஃபைல் பேருதான். தேங்க்ஸ்.

அரைப்புள்ளி: ஸ்ட்ரிப்பை எடுத்துடாதீங்க.