சூப்பர்ஃபிராக் போனவர்கள் இருக்கிறீர்களா? கடற்படை முக்குளிப்பு வீரர்களைச் சந்தித்த அனுபவங்கள்

அலைவாசி:
சூப்பர்ஃபிராக் என்பது அமெரிக்காவின் சான் டியேகோ பக்கம், கொரொனாடோ கடற்கரையில் நடந்த டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி). அந்தப் பக்கம் இருந்தவர்கள், டிரையத்லான் ஆசை உள்ளவர்கள் எழுதுங்கள். நான் 2016-ல் கலந்துகொண்டேன். 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். எல்லா அரை அயர்ன்மேனுக்கும் (அயர்ன்மேன் என்ற நெடுந்தூர டிரையத்லானில் பாதி) உள்ள தூரம்தானே என்று நினைக்க வேண்டாம். இங்கே நீச்சல் பசிபிக்கின் அலை உடையும் இடத்தில். ஒரு சுற்று முடித்துக் கரையேறி, மணலில் ஓடி, மறுபடியும் அதே அலைக்குள் இறங்க வேண்டியிருந்தது. முதல் தடவையாவது தெரியாமல் இறங்கினோம், இரண்டாவது தடவை தெரிந்தே இறங்க வேண்டியிருந்ததே!

தொடங்குமுன் பக்கத்தில் நின்ற பெரியவர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "காலைத் தூக்கி வைக்காதே, மணலில் தேய்த்துக்கொண்டே போ, திருக்கை படுத்திருக்கும். பெரிய அலை வந்தால் எதிர்த்து நிற்காதே. அடியில் போய் இரண்டு கையாலும் மணலைப் பிடித்துக்கொள், அது உன் மேலே போய்விடும்" என்றார். அவர் சொன்னபடியே செய்தேன், தப்பித்தேன். கொரொனாடோவில் சீல் வீரர்களுக்கு (அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் படையினர்) பயிற்சி கொடுத்து ஓய்வு பெற்றவர் என்று அப்புறம்தான் தெரிந்தது. ஓட்டத்தில் என்னைத் தாண்டிப் போகும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை மனுஷன்.

பழைய பேப்பர்:
இந்தப் போட்டி யார் கைவேலை என்று தெரிந்தால் அந்த அலை ஏன் அப்படி என்று புரியும். 1978-ல் ஹவாயின் ஓஹூ தீவில் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் மனைவி ஜூடியும் முதல் அயர்ன்மேனை நடத்தினார்கள். அதில் இரண்டாவதாக வந்த ஜான் டன்பார் சீல் பிரிவில் இருந்தவர். வழியில் தண்ணீர் தீர்ந்துபோக, உதவிக்கு வந்தவர்கள் பீர் கொடுத்து ஓட வைத்தார்களாம்! அடுத்த ஆண்டே, ஹவாய்க்குப் போகும் சீல் வீரர்களைப் பழக்குவதற்காக சீல் அதிகாரி மோகி மார்ட்டின் கொரொனாடோவில் சூப்பர்ஃபிராக்கைத் தொடங்கினார்.

அவர் வியட்நாம் போரில் இருந்தவர். 1972 ஜூனில், ஹனோய் சிறையிலிருந்து தப்பக்கூடிய அமெரிக்கப் போர்க்கைதிகளை மீட்க 'தண்டர்ஹெட்' என்று ஒரு ரகசியத் திட்டம். கிரேபேக் நீர்மூழ்கியிலிருந்து சிறு நீரடி வாகனத்தில் கரைக்குப் போன நால்வரில் மார்ட்டினும் ஒருவர். நீரோட்டம் விடவில்லை. ஹெலிகாப்டர் வந்து எடுத்தது. நீர்மூழ்கிக்குத் திரும்ப இருட்டில் ஹெலிகாப்டரிலிருந்து குதித்தபோது அவர்களுடைய அதிகாரி ஸ்பென்ஸ் டிரை இறந்துபோனார். கடலில் மீதிப் பேருக்குப் பொறுப்பேற்றவர் மார்ட்டின்.

1980-களின் தொடக்கத்தில் சைக்கிள் பயிற்சியின்போது எதிரே வந்த இன்னொரு சைக்கிளோடு மோதி, சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். போட்டியை விடவில்லை. அதன்பின் பல ஆண்டுகள் அவரே நடத்தினார்.

தண்ணிப் பந்தல்:
நான் ஓடவில்லை, கோப்பை நீட்டும் தன்னார்வலர். போட்டி நடந்த சில்வர் ஸ்ட்ராண்ட் என்பது ஒரு பக்கம் பசிபிக், மறுபக்கம் சான் டியேகோ விரிகுடா, நடுவில் ஒடுங்கிய மணல்திட்டு. நிழலே கிடையாது. கால் புதையும் மணலில் ஓடியவர்கள் எங்களிடம் வரும்போது பாதிப் பேருக்குப் பேச்சு வராது. அப்படி வந்த ஒருவர், "நிறுத்திக்கொள்கிறேன், மணி எங்கே?" என்று கேட்டார். சீல் பயிற்சியில் முடியாது என்பவர் மணியை மூன்று முறை அடித்துவிட்டு வெளியேற வேண்டும், அதைத்தான் சொல்கிறார். என்னோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த முன்னாள் முக்குளிப்பு வீரர் சிரிக்காமல், "மணி அடுத்த மைலில் இருக்கிறது" என்றார். கேட்டவர் ஓடிவிட்டார்!

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். 2015-ல் அயர்ன்மேன் நிறுவனத்தின் 70.3 என்ற அரை அயர்ன்மேன் வரிசையில் சேர்ந்த பிறகு ஏற்பாடு நேர்த்தியாகிவிட்டது. ஆனால் பழைய ஆட்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லித் திட்டிக்கொள்ளும் அந்த நெருக்கம் கொஞ்சம் குறைந்துதான் போனது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

அலைவாசி:
@தண்ணிப் பந்தல், அந்த மணி ஆள் முடித்தாரா?

தண்ணிப் பந்தல்:
தெரியாது. கூட்டம் அப்படி.

கயாக் துடுப்பு:
நான் ஃபுளோரிடா. இங்கே 2010 முதல் ஜனவரியில் டாம்பா பே ஃபிராக்மேன் (முக்குளிப்பு வீரர்) நீச்சல் நடக்கிறது. கேண்டி கடற்கரையிலிருந்து பிக்னிக் ஐலண்ட் வரை சுமார் 5 கி.மீ. ஆப்கானிஸ்தானில் 2009-ல் குண்டுவெடிப்பில் இரு கால்களையும் இழந்த சீல் அதிகாரி டான் நாசனுக்காகத் தொடங்கியது. அவரோ 2018 பியோங்சாங் பாராலிம்பிக்கில் ஒரு தங்கத்தோடு 6 பதக்கம் வாங்கினார்! ஒவ்வொரு நீச்சல்காரருக்கும் துணையாக ஒரு கயாக் போகும், நான் நண்பருக்காகத் துடுப்புப் போட்டேன். தண்ணீரில் இருப்பவர் நீந்தி நீந்திச் சூடாகிவிடுவார், மேலே உட்கார்ந்திருப்பவருக்குத்தான் குளிர். துணைக்குப் போகிறவர்கள் கையுறையும் காற்றுத் தடுக்கும் சட்டையும் மறக்காதீர்கள்.